அசெஸ்மெண்டுக்குக் காத்திருக்கும்போது டிராவல் இன்சூரன்ஸ்: படிவம் கேட்கும் அந்த ஒரு கேள்வி

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. லண்டனில் இருக்கிறீர்கள். 8 வயது மகனை ஜிபி (குடும்ப டாக்டர்) சென்ற ஆண்டு ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும்) அசெஸ்மெண்டுக்கு ரெஃபர் செய்திருக்கிறார். பெயர் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது, தேதி வரவில்லை. உங்கள் கணவரும் ஏடிஹெச்டி இருக்கலாம் என்று ரைட் டு சூஸ் (நோயாளியே கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும் அரசு மருத்துவ ஏற்பாடு) வழியில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆகஸ்டில் துபாய் வழியாகச் சென்னை, அங்கிருந்து தஞ்சாவூரில் அம்மா வீடு. இன்சூரன்ஸ் படிவத்தில் "பரிசோதனைக்கோ, அதன் முடிவுக்கோ, ஸ்பெஷலிஸ்ட் அப்பாயிண்ட்மெண்டுக்கோ யாராவது காத்திருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு "ஆம்" என்று போட்டதும் ஒரு வெப்சைட் பாலிசியே கிடையாது என்றது, இன்னொன்று விலையை இரண்டு மடங்காக்கியது. தோழி ஒருவர், "ஆட்டிசம் ஒன்றும் வியாதி இல்லையே, இல்லைன்னு போட்டுட்டுப் போங்க" என்றிருக்கிறார். "அப்படிப் போடலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது அதுவல்ல என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போக முடியாமல் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். போக முடியும். உண்மையைச் சொல்லியே, கட்டுப்படியாகும் விலையில், பாலிசி எடுக்க முடியும். எடுக்கும் வழிதான் வேறு.

பிரிட்டனில் டிராவல் இன்சூரன்ஸ் துறையில், முதலில் கிளெய்ம் பக்கத்திலும் பிறகு மெடிக்கல் ஸ்கிரீனிங் (உடல்நிலையை விசாரித்து விலை போடுவது) பக்கத்திலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். வக்கீல் இல்லை. நான் சொல்வது பிரிட்டனில் விற்கப்படும் பாலிசிகளுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியாவிலிருந்து எடுக்கும் பாலிசிக்குச் சட்டமும் நடைமுறையும் வேறு.

தோழி சொன்னதில் ஒரு பாதி சரி. ஆட்டிசம் வியாதி இல்லை. ஆனால் படிவம் "உங்களுக்கு வியாதி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டு நிற்கவில்லை. எதற்காவது காத்திருக்கிறீர்களா என்றும் கேட்கிறது. உங்கள் மகன் காத்திருக்கிறான், ஜிபி எழுதிய ரெஃபரல் கடிதம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் "ஆம்" தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே 2012-இல் வந்து 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பு, கம்பெனி கேட்காவிட்டாலும் முக்கியமானதை எல்லாம் நாமே முன்வந்து சொல்லியாக வேண்டும் என்ற பழைய விதி இருந்தது. அது போய்விட்டது. இப்போது நம் கடமை ஒன்றே ஒன்று: கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும். கேட்காததற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இது உங்களுக்குச் சாதகமானது. ஏனென்றால் கேள்வியின் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. சிலர் "கடந்த 2 ஆண்டுகளில் மருந்து, சிகிச்சை, ஆலோசனை ஏதேனும்" என்று கேட்பார்கள். சிலர் "இன்னும் கண்டறியப்படாத அறிகுறிகள் உண்டா" என்பார்கள். சிலர் ஆஸ்பத்திரிப் பரிசோதனை, அறுவை சிகிச்சை என்று குறுக்கிக் கேட்பார்கள். பள்ளியின் சென்கோ (சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) மட்டும் படிவம் நிரப்பி அனுப்பியிருந்து, எந்த டாக்டரும் இன்னும் பார்க்கவில்லை என்றால், சில கேள்விகளுக்கு "இல்லை" என்பது நேர்மையான பதிலாகவே இருக்கலாம். உங்கள் விஷயத்தில் ஜிபியே ரெஃபர் செய்திருப்பதால் அந்த வாசல் அநேகமாக மூடியிருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியின் கேள்வியையும் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

சரி, "இல்லை" என்று போட்டுவிட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் எதுவும் நடக்காது, ஏனென்றால் பெரும்பாலான பயணங்களில் கிளெய்மே வராது. அதனால்தான் "நாங்கள் அப்படித்தான் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லப் பலர் கிடைப்பார்கள். பெரிய கிளெய்ம் வந்தால், கம்பெனி உங்கள் சம்மதம் வாங்கி ஜிபி ரெக்கார்டைக் கேட்கும். சம்மதம் தராவிட்டால் கிளெய்ம் நகராது. ரெக்கார்டில் ரெஃபரல் தேதியோடு இருக்கும்.

அதன் பிறகு மேலே சொன்ன சட்டம் இரண்டு வழிகளில் பிரிகிறது. இதைப் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் முடிவு இதில்தான் இருக்கிறது. வேண்டுமென்றோ அல்லது உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமலோ தவறான பதில் தந்திருந்தால், கம்பெனி பாலிசியையே ரத்து செய்து எல்லாக் கிளெய்மையும் மறுக்கலாம். பொதுவாகக் கட்டிய பணத்தையும் திருப்பித் தரத் தேவையில்லை. கவனக்குறைவால் தவறியிருந்தால், சரியான பதில் கிடைத்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்று பார்க்க வேண்டும். கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கும் என்றால், அந்த விகிதத்தில் கிளெய்மைக் குறைக்கலாம். 60 பவுண்டு கட்டினீர்கள், கட்டியிருக்க வேண்டியது 90 என்றால், 6,000 பவுண்டு கிளெய்முக்கு 4,000 வரும். ஆட்டிசம் தொடர்பானதை மட்டும் விலக்கிவிட்டுப் பாலிசி கொடுத்திருக்கும் என்றால், அந்த விலக்கு முதலிலிருந்தே இருந்ததாக வைத்துப் பார்ப்பார்கள். கால் முறிந்ததற்கான பணம் முழுதாக வரும். பாலிசியே கொடுத்திருக்காது என்றால் பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பைசா கிளெய்ம் தராமல் இருக்கலாம்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். "ஆம்" என்று போட்டதும் "பாலிசி கிடையாது" என்ற அந்த முதல் வெப்சைட்டில், பக்கத்தை மறுபடி திறந்து "இல்லை" என்று மாற்றிப் போட்டு வாங்குவதுதான் உள்ளதிலேயே மோசமான வழி. உண்மை தெரிந்திருந்தால் விற்றிருக்கவே மாட்டோம் என்பதற்கு அவர்களிடம் முதல் முயற்சியின் பதிவே இருக்கலாம். தவறு கவனக்குறைவு இல்லை என்று வாதிடவும் அதுவே போதும். அங்கே அறுந்துபோவது மகனின் பாதுகாப்பு மட்டுமில்லை. ஒரே குடும்பப் பாலிசி என்றால், தஞ்சாவூரில் உங்களுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அந்தக் கிளெய்மும் சேர்ந்து தொங்கும். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் கிடையாது, ஐரோப்பாவுக்குப் பயன்படும் ஜிஹெச்ஐசி அட்டை அங்கே செல்லாது. தனியார் ஆஸ்பத்திரிச் செலவையாவது குடும்பமாகச் சேர்ந்து சமாளிக்கலாம். படுத்த நிலையில் ஒருவரை ஏர் ஆம்புலன்ஸில் லண்டனுக்குக் கொண்டுவர பல பத்தாயிரம் பவுண்டு ஆகும். நாம் இன்சூரன்ஸ் எடுப்பதே அதற்காகத்தான்.

ஆட்டிசத்துக்கு இத்தனை தண்டனையா என்று நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் விலையை ஏற்றியது ஆட்டிசம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் உறுதிசெய்துவிட்ட ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ, கூடவே வேறு பிரச்சினை இல்லாத குழந்தைக்கு, ஸ்கிரீனிங்கில் மிகச் சிறிய விஷயம். பல பாலிசிகளில் கூடுதல் கட்டணம் இல்லாமலே ஏற்கும் நிலைகளின் பட்டியலில் அவை இருக்கின்றன. கணினியைப் பயமுறுத்துவது "காத்திருக்கிறோம்" என்ற பதில். நெஞ்சுவலிக்கு ஸ்கேன் முடிவு வராதவரும், கட்டிக்கு பயாப்ஸி முடிவு வராதவரும் அதே கட்டத்தில்தான் "ஆம்" போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் விலை போட முடியாது. அந்தக் கேள்வி அவர்களை நினைத்து எழுதப்பட்டது. உங்கள் மகன் அதே கட்டத்தில் மாட்டிக்கொண்டான். வளர்ச்சி சார்ந்த ஒரு அசெஸ்மெண்ட் முடிந்தால் மறுநாள் அவன் உடல்நிலை மாறிவிடப்போவதில்லை. அதைப் புரிந்துகொள்ள வெப்சைட் படிவத்தால் முடியாது, போனில் ஒரு அண்டர்ரைட்டரால் (பாலிசி தரலாமா, என்ன விலை என்று முடிவு செய்பவர்) முடியும்.

இந்தக் கேள்வி அமைப்பு காலத்துக்கு ஒவ்வாமல் போய்விட்டது என்பது என் திடமான கருத்து. ரெஃபரலிலிருந்து 3 மாதத்துக்குள் ஆட்டிசம் அசெஸ்மெண்ட் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வைத்த தரம். நடப்பில் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. இங்கிலாந்தில் மட்டும் ஆட்டிசம் சந்தேகத்தோடு திறந்திருக்கும் ரெஃபரல்கள் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டன. வாரக்கணக்கில் காத்திருப்பவருக்கு எழுதிய கேள்வியை, பள்ளிப் பருவத்தில் பாதியைக் காத்திருப்பிலேயே கழிக்கும் குழந்தைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துறைக்குள் இருந்தபோது இதைச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது.

ஆகவே விலை ஒப்பிடும் வெப்சைட்டை விட்டுவிடுங்கள். மணிஹெல்ப்பர் என்ற அரசு சார்ந்த இலவசச் சேவையில், உடல்நிலைப் பின்னணி உள்ளவர்களுக்குப் பாலிசி தரும் கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காக ஒருவரை மறுத்தால் இந்தப் பட்டியலைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனிகளுக்கு எஃப்சிஏ (நிதித் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பு) விதித்த கடமை. உங்களை மறுத்த வெப்சைட்டின் கடைசிப் பக்கத்தில் அது இருந்திருக்கும், கோபத்தில் மூடியிருப்பீர்கள். அதிலிருந்து மூன்று நான்கு கம்பெனிகளுக்குப் போன் செய்யுங்கள். போனில் "டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான்" என்று தொடங்காதீர்கள். "ஆட்டிசம், ஏடிஹெச்டிக்கான வளர்ச்சி சார்ந்த அசெஸ்மெண்டுக்கு ஜிபி ரெஃபர் செய்திருக்கிறார், உடல் நோய் எதற்கும் பரிசோதனை இல்லை" என்று தொடங்குங்கள். ரெஃபரல் எந்த மாதம், யார் செய்தது என்று கையில் வைத்திருங்கள். அடுத்து அவர்கள் கேட்கக்கூடியவை: வலிப்பு வந்திருக்கிறதா, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்ததா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறானா, மருந்து ஏதும் உண்டா. தூக்கத்துக்கு மெலட்டோனின் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் மருந்துதான், சொல்லிவிடுங்கள். விலையை அதிகம் ஏற்றக்கூடியது இந்தப் பதில்களில் பெரும்பாலும் வலிப்புதான். அது இல்லை என்றால் நீங்கள் பார்த்த அந்த இரட்டை விலை அநேகமாக வராது. அசெஸ்மெண்ட் முடிந்து ஆட்டிசம் உறுதியானதாகவே எண்ணி ஸ்கிரீன் செய்துவிடும் அண்டர்ரைட்டர்கள் இருக்கிறார்கள். "அப்படிச் செய்வீர்களா" என்று நீங்களே கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

பாலிசி தர ஒப்புக்கொண்டால், மெடிக்கல் டிக்ளரேஷன் என்று ஒரு தாள் அனுப்புவார்கள். நீங்கள் சொன்னது அதில் ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். போனில் சொன்னேன், அவர் டைப் செய்யவில்லை என்ற தகராறுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அழைப்புப் பதிவு இருந்தால் அது உங்களைக் காப்பாற்றும், ஆனால் அதைத் தேடி எடுக்க மாதங்கள் ஆகும். பொதுவாக 14 நாளுக்குள் பாலிசியை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம், குறுகிய பயணத்துக்கான ஒற்றைப் பாலிசிகளில் இது வேறுபடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில கம்பெனிகள் நடுவழியாக ஒன்று சொல்லும்: பாலிசி தருகிறோம், அசெஸ்மெண்டுக்குக் காத்திருக்கும் நிலை தொடர்பான எதற்கும் கிளெய்ம் கிடையாது. விலை குறைவாக இருக்கும். எடுக்கலாமா என்றால், இங்கேதான் உறுதியான தரையை விட்டு இறங்குகிறோம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விமானம் தாமதம், பெட்டி தொலைந்தது, இவற்றுக்கெல்லாம் பிரச்சினை இல்லை. ஆனால் கூட்டத்தில் சத்தம் தாங்காமல் கையை உதறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வண்டி இடித்துவிட்டது என்று வையுங்கள். அது ஆட்டிசம் தொடர்பானதா, 8 வயதுப் பையன் ஓடினான் என்பது மட்டும்தானா? விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது, அது சட்டத்தில் நிலைபெற்றது. ஆனால் விபத்தன்று டாக்டர் எழுதும் குறிப்பில் "ஆட்டிசம் காரணமாக ஓடிய குழந்தை" என்று ஒரு வரி இருந்தால் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். வாசகம், குறிப்பு, யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு எந்தப் பக்கமும் போகலாம். மகனுக்கு ஓடும் பழக்கம் இருந்தால் இந்த விலக்கோடு எடுக்காதீர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்து முழுப் பாதுகாப்பு எடுங்கள். அந்தப் பழக்கமே இல்லாத, தூக்கமும் கவனமும் மட்டுமே சிக்கலான பிள்ளை என்றால், விலக்கை ஏற்றுப் போவது மூடத்தனம் ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கடமான பகுதி, விமானத்தில் ஏறவே மறுத்துவிட்டால் என்ன என்பது. ஹீத்ரோவில் குழந்தை நிலைகுலைந்து தரையில் விழுந்து, நீங்கள் திரும்ப வேண்டியதாயிற்று என்றால், பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. பயணம் செய்ய விரும்பாதது என்ற தலைப்பில் அதை ஒதுக்கிவிடுவார்கள். டயக்னோசிஸ் இருந்தாலும் இது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே அதற்கான தயாரிப்பு இன்சூரன்ஸில் இல்லை, ஏர்போர்ட்டில் இருக்கிறது. விமானம் புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே ஏர்லைனிடம் ஸ்பெஷல் அசிஸ்டன்ஸ் கேட்டு வையுங்கள். வெளியே தெரியாத சிரமம் உள்ளவர் என்று ஊழியர்களுக்குக் காட்டும், 2016-இல் கேட்விக் ஏர்போர்ட்டில் தொடங்கிய சூரியகாந்திக் கழுத்துப் பட்டியை இப்போது ஹீத்ரோவிலும் தருகிறார்கள். இரண்டுக்கும் டயக்னோசிஸ் கடிதம் கேட்க மாட்டார்கள். காத்திருக்கும் குடும்பங்கள் "நமக்கு இன்னும் உரிமை இல்லை" என்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உரிமை என்றதும், பாகுபாட்டைத் தடுக்கும் 2010-ஆம் ஆண்டின் ஈக்வாலிட்டி சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சட்டம் ஊனத்தை டயக்னோசிஸ் தாளை வைத்து அளப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் கணிசமான, நீண்டகாலப் பாதிப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அதனால் காத்திருக்கும் குழந்தையும் அதற்குள் வரலாம். ஆனால் இன்சூரன்ஸுக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. நம்பத்தக்க, தொடர்புள்ள தகவலை வைத்து, நியாயமான முறையில் வேறுபடுத்தலாம். காத்திருப்பவர்கள் எல்லாரையும் கேட்காமலே தள்ளிவிடுவது அந்த விலக்குக்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. மறுத்த கம்பெனியிடம் எந்தத் தகவலின் அடிப்படையில் மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். பதில் திருப்தியில்லை என்றால் முறைப்படி புகார் கொடுக்கலாம். அவர்களுக்கு 8 வாரம் அவகாசம், பிறகு 6 மாதத்துக்குள் நிதிப் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. கிளெய்ம் மறுக்கப்பட்டாலும் இதே வழிதான். ஆனால் ஆகஸ்டுப் பயணத்துக்கு இது பயன்படாது. அதை வேறு நாளுக்கு வைத்துக்கொண்டு முதலில் பாலிசியை எடுங்கள். விமான டிக்கெட் வாங்கிய உடனே எடுப்பது நல்லது, இடையில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் ரத்துச் செலவுக்கும் பாதுகாப்பு அன்றிலிருந்தே தொடங்கும்.

உங்கள் கணவர் விஷயம் மகனுடையதைவிடச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டியது. அவரும் காத்திருப்பவர்தான், அவரையும் சொல்லியாக வேண்டும். மனப்பதற்றம், மனச்சோர்வு ஏதாவதுக்கு மாத்திரை எடுத்திருந்தால் அதுவும் தனியாக ஸ்கிரீனிங்கில் வரும், பெரியவர்களுக்கு விலை ஏறுவது ஏடிஹெச்டியைவிட அதனால்தான். ரைட் டு சூஸில் சில சமயம் தேதி திடீரென்று வந்துவிடும். ஜூனில் டயக்னோசிஸ் ஆகி, ஜூலையில் மருந்து தொடங்கி, டோஸ் மாறிக்கொண்டிருக்கும்போதே ஆகஸ்ட் வந்துவிடலாம். பாலிசி எடுத்த பிறகு உடல்நிலையிலோ மருந்திலோ மாற்றம் வந்தால் சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கிறது. உங்கள் பாலிசியில் இருந்தால் அன்றே போன் செய்து சொல்லுங்கள். பேங்க் அக்கவுண்டோடு வரும் ஆண்டுப் பாலிசி வைத்திருந்தாலும் இதே பேச்சுத்தான். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன் போன்றவை பிரிட்டனில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். 3 மாதத்துக்குக் குறைவான அளவுக்கு உரிமம் தேவையில்லை, டாக்டர் கடிதம் கையில் வேண்டும். ஆனால் நீங்கள் துபாயில் இறங்கி ஏறுகிறீர்கள். அமீரகம் இந்த மருந்துகளில் மிகக் கண்டிப்பு, முன் அனுமதி கேட்கும் நாடு. இந்தியாவிலும் இவை போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புள்ளவை. மருந்து தொடங்கினால் இரண்டு நாட்டுத் தூதரகத்திடமும் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். முடிந்தால் மருந்து தொடங்குவதையே செப்டம்பருக்குத் தள்ளலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்துக்குப் புறம்பாக எடுத்துச் சென்று வரும் சிக்கலுக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இன்சூரன்ஸ் சிக்கலுக்குப் பயந்து மகனை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டு, ஊரிலிருந்து வந்த பிறகு மறுபடி ரெஃபரல் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அவன் காத்திருந்த காலம் முழுவதும் போய்விடும், பள்ளியில் கிடைக்க வேண்டிய உதவியும் தள்ளிப்போகும். 50 பவுண்டு வித்தியாசத்துக்கு அதைப் பலி கொடுக்கக் கூடாது.

அதோடு, நீங்கள் ஊரில் இருக்க வேண்டிய ஆகஸ்ட் நாட்களில் அசெஸ்மெண்ட் தேதி விழுந்தால், அதற்காகப் பயணத்தை ரத்து செய்த செலவைப் பொதுவாக எந்தப் பாலிசியும் தராது. அசெஸ்மெண்டுக்குப் போகாமல் விட்டாலோ பல கிளினிக்குகள் பெயரை எடுத்து ஜிபிக்கே திருப்பி அனுப்பிவிடும். எனவே இந்த வாரமே கிளினிக்குக்கு, போகும் தேதியும் வரும் தேதியும் குறிப்பிட்டு, அந்த நாட்களில் அப்பாயிண்ட்மெண்ட் வேண்டாம், மற்ற எந்த நாளும் சரி என்று ஒரு ஈமெயில் அனுப்புங்கள். பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் பத்து நாளில் போன் செய்து, குறித்துக்கொண்டார்களா என்று கேளுங்கள்.